பழைய சர்வரும் பீரோவில் ஒட்டிய சாவியும்: ஆறு வருட அனுபவம்

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையின் சர்வரை 2019 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 6, வலைப்பக்கங்களைக் கொடுக்கும் மென்பொருள் அப்பாச்சி 2.2. எடைமேடைக் கணக்கும் விவசாயிகளின் பணச் சீட்டும் அதில்தான். மென்பொருளை எழுதியவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். 2020 நவம்பர் 30-உடன் சென்ட்ஓஎஸ் 6-க்கு அப்டேட்டும் நின்றது. "ஓடுறதை ஏன் தொடணும்?" என்றார் முதலாளி.

முதலில் மாட்டிவிட்டது சாவிக் கோப்பு, அதாவது பாதுகாப்பான இணைப்புக்காக சர்வர் ரகசியமாக வைத்திருக்கும் கோப்பு. அதற்குக் கடவுச்சொல் போட்டிருந்தார்கள். அப்பாச்சி ஒவ்வொரு முறை எழும்போதும் அதைக் கேட்டுவிட்டு நிற்கும். தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருந்த ஒரு ஜூன் இரவில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது. காலையில் எடைமேடைப் பையன் போன்: "அண்ணா, இருபது டிராக்டர் நிக்குது." போய்ப் பார்த்தால் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். டேப் மஞ்சளாகி, அதில் இருப்பது பூஜ்யமா ஓ-வா என்று தெரியவில்லை. மூன்றாவது முயற்சியில் திறந்தது. அன்றே கடவுச்சொல்லை நீக்கி, ரூட் எனும் நிர்வாகிக் கணக்கு மட்டும் படிக்கும்படி 600 அனுமதி வைத்தேன். பாதுகாப்பு குறையாதா என்றால், குறையும்தான். பீரோவில் ஒட்டிவைத்த ரகசியத்துக்கு இது தேவலை.

அடுத்தது 2021 செப்டம்பர் 30. எங்கள் சான்றிதழ் (இது எங்கள் சர்வர்தான் என்று காட்டும், சாவியோடு ஜோடியான கோப்பு) நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வெளியே போகும் எஸ்எம்எஸ் நின்றுவிட்டது. எஸ்எம்எஸ் சேவையின் சர்வரில் இருந்தது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச அமைப்பின் சான்றிதழ்; அவற்றுக்குப் பின்னால் உறுதி தந்த ரூட், அதாவது மூலச் சான்றிதழ், டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 அன்று காலாவதி. புதிய ரூட்டைச் சேர்த்துப் பார்த்தேன், பலனில்லை. எங்களிடம் இருந்த, சான்றிதழைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1, எதிர்முனை அனுப்பும் சான்றிதழ்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பழைய ரூட்டிலேயே போய் முட்டும். வேறு வழி இருக்கிறதா என்று தேடாது. பழையதை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து தூக்கியதும் சரியானது. இது புரிய இரண்டு நாள் போனது.

வருடாந்திரப் புதுப்பிப்பில் ஒரு முறை புதுச் சான்றிதழுக்குப் பழைய சாவியைக் கொடுத்து அப்பாச்சி எழவே இல்லை. இப்போது இரண்டின் மாடுலஸையும் (ஜோடியாக இருந்தால் ஒன்றாக வரும் எண்) ஒப்பிட்ட பிறகுதான் ரீஸ்டார்ட்.

2023 கடைசியில் முதலாளியைச் சம்மதிக்க வைத்து, பழைய சர்வருக்கு முன்னால் டெபியன் 12 இயங்குதளம் ஓடும் ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், சான்றிதழ், சாவி எல்லாம் அதில்தான். பழைய சர்வர் ஒரே கேபிளில் அதன் முதுகுக்குப் பின்னால்; இணையத்தை நேரில் பார்ப்பதில்லை. எஸ்எம்எஸ்ஸும் புதுப் பெட்டி வழியாகவே. ஆறு வருடத்தில் செய்த உருப்படியான வேலை இதுதான். 2026 மார்ச் 15 முதல் சான்றிதழ் ஆயுள் அதிகபட்சம் 200 நாள், 2029-இல் 47 நாள் என்று முடிவாகிவிட்டது. இனியும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

அதிலும் ஒரு தடவை சறுக்கினேன். சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது, ஆனால் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகாமல் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. காலாவதியான அன்று அதே பையனிடமிருந்துதான் போன். அப்புறம், சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் தானாக ஓடும் டிப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளையைச் சேர்த்தேன்.