எஞ்சின் வேகத்தில் திணறினால் முதலில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள்: 20,000 ரூபாய் ஏமாந்த கதை

அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின்) வைத்து மீன்பிடித் தொழில் பார்க்கிற எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறேன். எஞ்சின் மெதுவாக ஓடும்போது நன்றாக இருக்கிறது, வேகம் கூட்டினால் திணறி அடங்குகிறது என்றால், கார்புரேட்டர் போச்சு, பிஸ்டன் தேய்ந்தாச்சு என்று யார் சொன்னாலும் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். பெட்ரோல் ஃபில்டரை உங்கள் கண் முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு மெக்கானிக் எங்களிடம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய் வாங்கினார். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் "சரியாயிருச்சு" என்று சொன்ன எஞ்சினை நம்பி என் அண்ணன் கச்சான் காற்றில் (மேற்கிலிருந்து அடிக்கும் காற்று) கடலுக்குப் போனதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

எங்களுக்குத் தூத்துக்குடிக் கரை. சிறிய பைபர் படகு, 9.9 ஹெச்பி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் நின்றுவிடும், அப்போதுதான் எங்களைப் போன்ற நாட்டுப் படகுக்காரர்களுக்கு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் மக்கர் செய்தது. கரையிலிருந்து கிளம்பும்போது ஒழுங்காக ஓடும். முழு வேகம் வைத்ததும் கொஞ்ச நேரத்தில் இழுவை குறைந்து அணைந்துவிடும். சற்று நிறுத்தி வைத்துக் கயிற்றை இழுத்தால் மறுபடி எடுக்கும், மறுபடி அதே கதை.

நகரத்தில் பெயர் சொல்லும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே, "தம்பி, கம்ப்ரஷன் இல்லை, கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும் போயிருச்சு" என்றார். கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்; அதை அளக்கும் கேஜ் எதுவும் மாட்டிப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, ஃபில்டரைப் பார்த்தீங்களா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "அதெல்லாம் எப்பவோ பார்த்தாச்சு" என்று பதில். சில நாள் கழித்துப் போனபோது எஞ்சினை டிரம் தண்ணீரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். சீராக ஓடியது. புது கார்புரேட்டர், புது பம்ப், கூலி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய சாமானைக் கேட்டால் "குப்பையில போட்டாச்சு" என்றார்.

டிரம்மில் ஓட்டிக் காட்டுவது இந்தக் கோளாறுக்குச் சோதனையே ஆகாது. இதை ஒவ்வொரு படகுக்காரரும் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது அதற்குத் தேவையான பெட்ரோல் மிகக் குறைவு. பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அந்த அளவு வந்துவிடும். படகைத் தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் போகும்போதுதான் நிறையத் தேவைப்படும். அப்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பு தீர்ந்துபோகிறது, ஃபில்டர் வழியாக வருவது போதாமல் எஞ்சின் அணைகிறது. மறுபடி கயிற்றை இழுத்தால் பம்ப் வேலை செய்து கிண்ணம் கொஞ்சம் நிரம்பும், எஞ்சின் திரும்ப எடுக்கும். எங்களுக்கு நடந்தது அச்சு அசலாக இதேதான். எஞ்சினை நன்கு தெரிந்த எவருக்கும் இந்த அறிகுறியைச் சொன்னாலே முதல் சந்தேகம் பெட்ரோல் வரும் பாதைமேல் போக வேண்டும்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? கரைக்குப் பக்கத்தில் ஓடியவரை தொந்தரவு இல்லை. காற்று தூக்கிய ஒரு நாள், திரும்பி வரும் வழியில் அலையை எதிர்த்து முழு வேகம் வைத்ததும் எஞ்சின் நின்றது. எங்கள் பக்கம் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. எஞ்சின் இல்லாத படகை அது வெளியேதான் கொண்டுபோகும். பக்கத்தில் இருந்த இன்னொரு படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்ததால் அண்ணன் கரை சேர்ந்தார்.

அதன்பிறகு எங்கள் மாமா ஒருவர் வந்தார். பக்கத்து ஊரில் எஞ்சின் வேலை பார்ப்பவர். முதலில் அவர் எஞ்சினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. தன்னுடைய சுத்தமான டேங்கையும் ஹோஸையும் கொண்டுவந்து மாட்டினார், படகைக் கடலில் இறக்கச் சொன்னார், முழு வேகத்தில் ஓடச் சொன்னார். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனாலும் திணறல் முழுதாகப் போகவில்லை. "டேங்கிலயும் அழுக்கு இருக்கு, எஞ்சினுக்குள்ளயும் அடைப்பு இருக்கு" என்றார். பிறகு கவரைக் கழற்றினார். பம்புக்கு முன்னால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஃபில்டர் இருக்கும். அதன் மூடியைச் சுற்றி உப்புப் படிந்து இறுகியிருந்தது; பல காலமாக யாரும் திறக்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழவென்று கசடு, அடியில் தண்ணீர். "புது" கார்புரேட்டரைத் துடைத்துப் பார்த்தால், ஓரத்தில் முன்பே உடைந்திருந்த மூலை அப்படியே இருந்தது. எங்கள் பழையதையே கழுவிப் பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தபோது இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல இருந்தன, ஒரு குறையும் இல்லை. ஃபில்டரை மாற்றி டேங்கைக் கழுவியதோடு எஞ்சின் பழையபடி ஓடியது. ஃபில்டருக்கு ஆன செலவு அந்தச் சீட்டில் இருந்த தொகையில் ஒரு துளி.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறோம். 50-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஃபில்டர் அடைத்துப் பெட்ரோல் குறைந்தால் அதோடு ஆயிலும் குறைகிறது. அந்த நிலையில் வேகத்தைக் கூட்டிக் கூட்டி விரட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பொய்யாகச் சொன்ன பெரிய செலவு அப்போது நிஜமாகவே வந்து நிற்கும். அதனால் திணறல் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துக் கரை சேருங்கள்.

மாமா சொல்லிக்கொடுத்த சோதனைகளை யாரும் செய்யலாம். திணறும்போது ஒருவர் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை (பெட்ரோலைக் கையால் தள்ளும் உருண்டை) அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். அமுக்கும்போது எஞ்சின் உயிர் பெற்றால் பிரச்சினை பெட்ரோல் வரத்தில்தான். பல்ப் தட்டையாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம். அப்போது முதலில் டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வலையைப் பாருங்கள். எவ்வளவு அமுக்கினாலும் பல்ப் கெட்டிப்படவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் உள்வால்வு போயிருக்கிறது. பல்பின் மேல் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீச்சுகிறதா என்பதையும் பாருங்கள், சூடேறினாலும் எஞ்சின் இழுவை குறையும்.

இந்தக் கசடும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன? துருப்பிடித்த கேன், மணல் ஒட்டிய புனல், மழையில் மூடியில்லாமல் கிடந்த டேங்க் எல்லாம் காரணம். இப்போது பெட்ரோலிலேயே எத்தனாலும் சேர்ந்து வருகிறது. 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது, 2025-க்குள் பெரும்பாலான பங்க்குகளில் அதுவே கிடைக்கும் நிலை வந்துவிட்டது. பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகளின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் அனுமதி. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும், உறிஞ்சும் குழாய் முதலில் எடுப்பது அதைத்தான். பழைய டேங்கில் ஒட்டியிருந்த கசடையும் அது கரைத்துவிடும், பழைய ரப்பர் ஹோஸின் உட்சுவரையும் உரித்துவிடும். எல்லாம் வந்து சேருமிடம் ஃபில்டர். கடல் ஈரத்தில் வைத்திருக்கும் நமக்கு இது இரட்டை ஆபத்து என்பது என் எண்ணம்.

அதனால் தொழிலுக்குப் போகாத காலத்தில் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அடிப்பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து நிழலில் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். ஊற்றும்போது வலை வைத்த புனல். எஞ்சின் ஃபில்டரை 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள், நம் கரையில் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. முடிந்தால் டேங்குக்கும் பல்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். அடியில் கண்ணாடிபோலத் தெரியும் கிண்ணம் உள்ளதாக வாங்கினால் தண்ணீர் சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நாங்கள் இப்போது அதை மாட்டியிருக்கிறோம், உதிரி ஃபில்டர் ஒன்றும் படகுப் பெட்டியில் இருக்கிறது. அடைப்பு என்று ஃபில்டரையே எடுத்துவிட்டு நேராக ஹோஸை மாட்டித் தரும் மெக்கானிக்குகளும் உண்டு. அன்றைக்கு எஞ்சின் ஓடும், அழுக்கு நேராகப் போய்க் கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைக்கும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபில்டரைத் திரும்ப மாட்டியதும் பல்பை இறுக அமுக்கி ஓரமெல்லாம் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

பட்டறையில் எஞ்சினை விடுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள்: ஃபில்டரை உங்கள் கண் முன்னால் திறப்பது, கம்ப்ரஷன் அளவை எழுதித் தருவது, பழைய சாமானைத் திருப்பித் தருவது, பார்ட் நம்பரோடு பில். "அதெல்லாம் நம்ம பட்டறையில் பழக்கம் இல்லை" என்றால் வேறு இடம் பாருங்கள்.

அந்த மெக்கானிக்கிடம் கார்புரேட்டரைக் கொண்டுபோய்க் காட்டினோம். "நீங்க ஊத்துற பெட்ரோல் சரியில்லைன்னா நான் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெட்ரோல் சரியில்லை என்பது தெரிந்திருந்தால் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறோம். அந்தத் துண்டுச் சீட்டையும், பெயிண்ட் அடித்த கார்புரேட்டரின் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறோம். இதேபோல ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் இருந்தால், உங்கள் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.