நத்தார்க் காலத்தில் உதைபந்தாட்ட ரிக்கெற் வாங்குபவர்கள் கவனம்

நேற்று ஒரு நண்பர் வாட்ஸப்பில் விளம்பரம் ஒன்றை அனுப்பி, "அண்ணை, இதை நம்பலாமோ?" என்று கேட்டார். "நத்தாருக்குக் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம், இரண்டு ரிக்கெற் வீணாகக் கூடாது" என்று எழுதியிருந்தது. 2022இல் என்னை ஏமாற்றியவனும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருந்தான்.

அந்த வருடம் கட்டார் உலகக் கிண்ணத்துக்காக இங்கிலாந்தின் முதல்தர உதைபந்தாட்டத் தொடரான பிரீமியர் லீக் ஆறு கிழமை நின்றிருந்தது. பட்டியலில் லண்டன் கழகமான ஆர்சனல் முதலிடம். டிசம்பர் 26 இரவு 8 மணிக்கு தங்கள் எமிரேட்ஸ் மைதானத்தில் இன்னொரு லண்டன் கழகமான வெஸ்ட் ஹாமோடு போட்டி. நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில். வகுப்பில் பாதிப்பேர் வெஸ்ட் ஹாம், என் மகன் ஆர்சனல். பத்து வயது, ஒரு நாளும் மைதானத்துக்குள் போனதில்லை. கழகத்தின் தளத்தில் ரிக்கெற் முடிந்துவிட்டது. அப்போதுதான் ஒரு சமூக ஊடகக் குழுவில் அந்த ஏமாற்றுக்காரன் அகப்பட்டான்.

ரயில் வேலைநிறுத்தத்தால் லண்டன் வர முடியவில்லை என்றான். வேலைநிறுத்தம் உண்மைதான், 24ஆம் திகதி மாலையே தொடங்கியிருந்தது. ரிக்கெற்றாகப் பயன்படும் இரண்டு கழக உறுப்பினர் அட்டைக்கும் 240 பவுண்ஸ், அதோடு 50 பவுண்ஸ் முற்பணம். போட்டி முடிந்து அட்டைகளைத் திருப்பித் தந்தால் முற்பணம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அட்டையைத் திருப்பிக் கேட்கிறவன் அதன் சொந்தக்காரனாகத்தானே இருப்பான்! வங்கிக் கணக்குக்குக் காசை அனுப்பினேன். நத்தாருக்கு முதல் நாள் ஒரு பெடியன் அட்டைகளைக் கொண்டுவந்து தந்தான்.

நுழைவாயிலில் மகன்தான் முதலில் அட்டையை வைத்தான். சிவப்பு. ஜக்கெற்றில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தான். சிவப்பு. "அப்பா, பச்சை வரேல்லை." ஊழியர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். ஒன்று தொலைந்துபோனதாக அறிவிக்கப்பட்டு ரத்தான அட்டை. மற்றதன் இருக்கைக்கு ஏற்கெனவே ஒருவர் உள்ளே போய்விட்டார். ஒரே இருக்கையைப் பலருக்கு விற்றிருக்கிறான். யார் முந்துகிறாரோ அவருக்கே இடம்.

உடனே வீட்டுக்குப் போக மகன் சம்மதிக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே, ஆர்சனலின் பழைய வீரர் தியரி ஹென்றியின் சிலையடியில் குளிரில் நின்றோம். முதலில் பென்ராமா பெனால்டியில் வெஸ்ட் ஹாமுக்கு அடித்தார். இடைவேளைக்குப் பிறகு ஆர்சனலுக்கு சாக்கா, மார்டினெல்லி, என்கெட்டியா. போனில் ஸ்கோர் மாறுமுன்பே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் வந்துவிடும். "ஆர் அடிச்சது அப்பா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான். 2018இல் விலகிய ஆர்சனலின் பழைய பயிற்சியாளர் வெங்கர் முதல்முறையாகத் திரும்பி வந்திருந்த இரவு அது. இன்று நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் உதைபந்தாட்ட ரிக்கெற் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவ்வளவு நல்ல மனிசராகத் தெரிந்தாலும் தனியாளிடம் வாங்க வேண்டாம். போக முடியாத உறுப்பினர்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுக்கக் கழகமே மறுவிற்பனைப் பக்கம் வைத்திருக்கிறது. விடுமுறையில் பலர் ஊருக்குப் போவதால் கடைசி நாட்களிலும் அதில் இடம் விழும், அடிக்கடி பாருங்கள். போன் ரிக்கெற்றின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுகிறவர்களையும் நம்பாதீர்கள். 'நண்பர்கள், குடும்பம்' என்ற வழியில் பேபாலில் காசு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு வாங்குவோர் பாதுகாப்புக் கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். நான் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை, அதற்குள் அவன் தன் சமூக ஊடகக் கணக்கையே அழித்துவிட்டான். 2024 ஒக்ரோபர் 7 முதல் இப்படி ஏமாற்றி வாங்கப்பட்ட வங்கிப் பரிமாற்றங்களை பிரித்தானிய வங்கிகள் பொதுவாகத் திருப்பித் தரவேண்டும். அன்றைக்கே வங்கிக்கு அழையுங்கள், பொலிஸிலும் முறையிடுங்கள்.

நண்பர் இன்னும் காசு அனுப்பவில்லை. நாங்கள் பிறகு உறுப்பினராகி, அந்த மறுவிற்பனைப் பக்கத்தை ஒரு காலை முழுக்கப் பார்த்திருந்து இரண்டு இருக்கை எடுத்தோம். பச்சை விளக்கு எரியும்வரை மகன் என் கையை விடவில்லை.