கிட்னி மாற்றியவருடன் கும்பகோணம்: வாய்ப்பூஞ்சை, அக்கி, மெடிக்கல் ஷாப்

கிட்னி மாற்றியவரைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம், மாயவரம் பக்கம் வந்தால் மருந்துக்குப் பஞ்சமே இல்லை. வாய் வெந்திருக்கிறது என்று சொன்னால் போதும், பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் மௌத் பெயிண்டோ ஃப்ளூகோனசோல் மாத்திரையோ சீட்டில்லாமலே கைக்கு வந்துவிடுகிறது. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தொல்லை அங்கேதான்.

நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் அப்பியது போன்ற படலம், துணியால் துடைத்தால் பெயர்ந்து அடியில் செக்கச்செவேல் என்று எரிந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. துடைத்தும் வராத வெள்ளையை பல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர் ஃப்ளூகோனசோல் போட்டால், உடம்பு டாக்ரோலிமஸைக் கரைப்பது குறைந்து ரத்தத்தில் அளவு ஏறும். கை நடுங்கும், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடும். குளோட்ரிமசோலை விழுங்கினாலும் ஏறலாம். நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் திரவம் ரத்தத்தில் அநேகமாகச் சேராது: 4 மில்லி வீதம் நாளுக்கு 4 வேளை, வாயில் நன்றாகச் சுழற்றி விழுங்க வேண்டும். வரும்போதே கொண்டுவருவது உத்தமம். குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷ் கொப்பளித்த கையோடு இதை ஊற்றினால் இரண்டும் வீண். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பல்செட்டை ராத்திரி கழற்றாவிட்டால் எந்த மருந்தும் பலிக்காது.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். கலெக்‌ஷன் சென்டரில் பெரும்பாலும் வெளியூர் லேபுக்குத்தான் அனுப்புகிறார்கள்; ரிசல்ட் எப்போது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முகத்தில் ஒரே பக்கம் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் கிராமத்தில் முதல் யோசனை வேளார் வீட்டில் காவியால் அக்கி எழுதுவது. எழுதட்டும், ஆனால் அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள். அக்கி வைரஸால் வருவது; அதற்கான மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது கடந்தாலும் தருவார்கள். காவிப் பூச்சில் கொப்புளம் மறைந்துபோவது வேறு தொந்தரவு. மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண் டாக்டரிடம் அன்றே போக வேண்டும்.

கன்னம் மரத்து, மூக்கில் ரத்தச்சளி, மேல்பல் ஆட்டம், அண்ணத்தில் கருப்பு என்றால் மெடிக்கல் ஷாப் வாசலையே மிதிக்காதீர்கள். அது கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம். ஃப்ளூகோனசோல் அதை ஒன்றும் செய்யாது. நேரே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் காது மூக்கு தொண்டைப் பிரிவு. சதை எடுத்து, பூஞ்சையைக் காட்டும் கே.ஓ.ஹெச். சோதனை போட்டால் அன்றே துப்பு கிடைக்கும். ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தோடு அழுகிய பகுதியை வெட்டியெடுப்பதும் சேர்ந்ததுதான் வைத்தியம்.