கூட்டாக வாங்குவதா, கூட்டாகக் கேட்பதா? அண்டை நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள்: ஓர் ஒப்பீடு

அண்ணா நகரில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். சர்வதேச உறவுகள் என் பாடம். ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை பற்றி நடத்திக்கொண்டிருந்த அன்று, காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், நாம, ஸ்ரீலங்கா, மாலத்தீவு மூணு பேரும் சேர்ந்து இந்த மாதிரி ஒண்ணு வெச்சுக்க முடியாதா?”

புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். நம்பிக்கை இல்லை, நாடுகளின் அளவு ஒத்துவராது, நடுவில் சீனா இருக்கிறது. அவள் உட்காரவில்லை. “அப்பாவோட லாஞ்சு எஞ்சின் நின்னுபோயி ரெண்டு ராத்திரி தெற்கால இழுத்துக்கிட்டுப் போச்சு சார். வாக்கி டாக்கில கத்திக் கத்திக் கூப்பிட்டதுக்கு மொதல்ல பதில் கொடுத்தது முல்லைத்தீவு ஆளுங்க. தமிழ்லதான் பேசினாங்க. ஆனா அவங்க யார்கிட்ட சொல்றதுன்னு அவங்களுக்கே தெரியல.”

அன்று நான் சொன்னது சரியான பதில் இல்லை என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே உறைத்தது. ‘கூட்டுப் பாதுகாப்பு அமைப்பு’ என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள் இருக்கின்றன. கூட்டாக ஆயுதம் வாங்குவது ஒன்று. ஒரு பொருளைப் பொதுவில் வைத்து முறைபோட்டுப் பயன்படுத்துவது ஒன்று. கூட்டாக ரோந்து போவது ஒன்று. கூட்டாகக் காது கொடுப்பது இன்னொன்று. எது நம் கடலுக்கு ஒத்துவரும் என்று பார்க்க, ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறேன்.

வாங்கும் கூட்டு

ஐரோப்பாவில் இதற்கு இரண்டு வீடுகள். ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை 2004-இல் தொடங்கியது, தலைமையகம் பிரஸ்ஸல்ஸ். யாருக்கு என்ன குறை, எதைச் சேர்ந்து செய்யலாம் என்று உறுப்பு நாடுகளை உட்காரவைத்துப் பேசவைப்பது அதன் வேலை. ஓக்கார் என்பது வேறு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் நான்கும் 1996-இல் தொடங்கியது, தலைமையகம் பான் நகரம். பேசி முடித்ததை ஒப்பந்தம் போட்டு வாங்கிக் கொடுப்பது இது. ஓக்கார் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கிற அமைப்பு. அதனால், ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிரெக்சிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் அதில் தொடர்கிறது. முகமையை விட்டு மட்டும் வெளியேறியது.

ஓக்காரில் நான் மதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ‘நான் போட்ட பணத்துக்குச் சரியான அளவு வேலை என் ஊர்த் தொழிற்சாலைக்கே வர வேண்டும்’ என்பது கூட்டுக் கொள்முதலின் பழைய நோய். ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் குடும்பங்களைப் பார்த்த நமக்கு அந்த ஆசை புரியாததல்ல. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கே சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனைகள். ஓக்கார் அந்தக் கணக்கை ஒவ்வொரு திட்டத்திலும் தீர்க்காமல், பல ஆண்டு, பல திட்டங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விதி வகுத்தது. இந்த விமானத்தில் உனக்குக் குறைந்தால் அடுத்த கப்பலில் சேர்த்துக்கொள்.

விதி நல்ல விதிதான், ஆனால் பழைய நோய் அதோடு போய்விடவில்லை. ஏ400எம் சரக்கு விமானத்துக்கு 2003-இல் ஏழு நாடுகள் சேர்ந்து 180 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டன. கையில் இருந்த கனடா எஞ்சினை ஒதுக்கிவிட்டு, ஐரோப்பாவிலேயே புதிதாக ஒரு எஞ்சின் செய்யச் சொன்னார்கள். முதல் விமானம் பிரான்ஸ் விமானப் படையின் கைக்கு வந்தது 2013-இல். நடுவில் 2010-இல் 350 கோடி யூரோ கூடுதலாகக் கொடுத்துத் திட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. என்எச்90 ஹெலிகாப்டருக்குத் தனியாகவே ஒரு கூட்டு முகமை உண்டு. அதில் ஆளுக்கொரு வகை கேட்டுக் கேட்டு, ஒரே ஹெலிகாப்டர் என்பது பேருக்கு மட்டும் ஆகிப்போனது. 2001-இல் 14 ஹெலிகாப்டர் கேட்டிருந்த நார்வே, 2022-இல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது.

பெரிய தொழிற்சாலைகள் பல நாடுகளில் இருந்தால்தான் இந்த வகைக் கூட்டுக்கு அர்த்தம். கடற்படைக் கப்பல் கட்டும் திறனில் இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் ஒரே வரிசையில் இல்லை. இலங்கையின் சயுரல, சிந்துரல இரண்டு ரோந்துக் கப்பல்களும் கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டி விற்றவை. அது வியாபாரம், அதில் தவறும் இல்லை. ஆனால் வாங்கும் கூட்டு என்பது நமக்கு இப்போதைக்கு ஆகாது.

கிணற்றுப் பங்கு

எங்கள் பூர்வீகம் செய்யாறு பக்கம். ஒரு கிணற்றில் அப்பாவுக்கு நாலில் ஒரு பாகம். பத்திரத்திலேயே கிணறு, மோட்டார், முறைப்படி தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம் எல்லாம் எழுதியிருக்கும். நாலு நாளைக்கு ஒரு தடவை எங்கள் முறை. அன்றைக்குக் கரண்ட் இல்லையென்றால் சித்தப்பாவிடம் கேட்டு மாற்றிக்கொள்வோம். மோட்டார் காயில் எரிந்தால் நாலு வீடும் காசு போடும். முறைத் தண்ணீரில் நெல் போடுவதா கரும்பு போடுவதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

ஹங்கேரியின் பாப்பா விமானத் தளத்தில் நடப்பது இதேதான். 2008-இல் 12 நாடுகள் சேர்ந்து மூன்று சி-17 பெரிய சரக்கு விமானங்களைப் பொதுவில் வாங்க ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டே விமானங்கள் வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் வகுத்த பங்கு ஆண்டுக்கு 3,165 பறக்கும் மணிநேரம். அமெரிக்காவுக்கு 1,000, ஸ்வீடனுக்கு 550, எஸ்தோனியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் தலா 45. விமானங்கள் ஹங்கேரியில் பதிவானவை. ஓட்டுகிறவர்கள் பல நாட்டுக்காரர்கள். தன் மணிநேரத்தை எதற்குச் செலவழிப்பது என்பது அந்தந்த நாட்டின் முடிவு. ஒரு சி-17-ஐத் தனியாக வாங்கி வைத்துச் சமாளிக்க எஸ்தோனியாவால் எந்தக் காலத்திலும் முடியாது. 45 மணிநேரம் வாங்க முடிந்தது. அன்று நேட்டோவில் இல்லாத ஸ்வீடனும் பின்லாந்தும்கூட இதில் பங்காளிகள். படை ஒப்பந்தத்தில் சேராதவனும் கிணற்றில் பங்கு வைத்துக்கொள்ளலாம்!

இதை மாலத்தீவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியா அங்கே இரண்டு ஹெலிகாப்டரும் ஒரு டோர்னியர் விமானமும் கொடுத்திருந்தது. தீவுக்குத் தீவு நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போய் உயிர் காப்பாற்றிய இயந்திரங்கள் அவை. ஆனால் இயக்கியவர்கள் இந்தியப் படையினர். அதுவே அங்கே தேர்தல் பேச்சானது. 2024 மே மாதத்துக்குள் நம் படையினர் திரும்பி, அவர்கள் இடத்தில் சிவிலியன் தொழில்நுட்பப் பணியாளர்கள் போக வேண்டிவந்தது. நல்ல மனதோடு கொடுத்ததுதான். ஆனாலும் வாங்கிக்கொண்டவர் வீட்டில் கொடுத்தவரின் ஆள் உட்கார்ந்திருந்தால் ஒரு நாள் கசக்கும். அதே டோர்னியரில் மாலத்தீவு பணம் கொடுத்து மணிநேரப் பங்கு வைத்து, தன் ஆளையும் அதில் ஏற்றியிருந்தால், அது அவர்களுடைய விமானமாகவும் இருந்திருக்கும். தானமாகக் கொடுப்பதைவிடப் பங்காக வைப்பது மரியாதை என்பது என் உறுதியான எண்ணம். 2022 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படைக்கு நாம் கொடுத்த டோர்னியருக்கும் இந்த யோசனை பொருந்தும்.

நோர்டிக் நாடுகளின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-இல் உருவான நார்டெஃப்கோவுக்குத் தலைமையகமே கிடையாது. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஐந்தும் ஆண்டுக்கு ஒருவராகத் தலைமையை மாற்றிக்கொள்கின்றன. மொழியும் பழக்கமும் ஒட்டியிருக்கிற சொந்தக்காரர்களுக்கு அது போதும். அவர்களுக்குள்ளேயே ஸ்வீடனோடு சேர்ந்து வாங்கவிருந்த ஆர்ச்சர் பீரங்கித் திட்டத்திலிருந்து 2013-இல் நார்வே விலகிக்கொண்டது. நம் பக்கத்துக்குத் தலைமையகம் இல்லாத அமைப்பு சரிப்படாது. நமக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிற ஓர் அறை தேவை.

மலாக்காவில் இரண்டு வழிகள்

நம் கடலுக்குப் பக்கத்திலேயே, ஒரே நீரிணையில், எதிரெதிரான இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, கடற்கொள்ளையருக்கு எதிரான கூட்டு ரோந்து. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-இல் தொடங்கின. 2008-இல் தாய்லாந்து சேர்ந்தது. பொது முகமை இல்லை. அவரவர் கப்பல் அவரவர் கடலில், நேரம் மட்டும் பேசி வைத்துக்கொண்டு. 2005-இல் வானிலிருந்து கண்காணிக்கும் ஏற்பாடும் வந்தது. ஒரு நாட்டின் விமானம் பறக்கும், உள்ளே மற்ற நாடுகளின் அதிகாரிகளும் இருப்பார்கள். அந்த ஆண்டு ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தை மலாக்காவைப் போர் ஆபத்துப் பகுதிப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2006 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. ரோந்து மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிளர்ச்சி நடந்த இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சமாதானம் வந்ததும் ஒரு காரணம்.

இரண்டாவது ரீகாப், அதாவது கடற்கொள்ளை பற்றிய தகவலை நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம். இதன் கதை 1999-இல் ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியக் கப்பலோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இந்தோனேசியாவில் அலுமினியக் கட்டிகளை ஏற்றிக் கிளம்பிய கப்பலைக் கொள்ளையர் பிடித்தார்கள். 17 பணியாளர்களையும் மிதவையில் இறக்கிவிட்டார்கள். பல நாள் கழித்து அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் தாய்லாந்து மீனவர்கள். கப்பல் ‘மெகா ராமா’ என்று பேர் மாறி அரபிக் கடல் பக்கம் வந்தபோது, நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. ஒரு தகவல் கைமாறிக் கைமாறி வந்ததால்தான் அது முடிந்தது. ஜப்பான் முன்னெடுத்த ஒப்பந்தம் 2004-இல் கையெழுத்துக்குத் தயாராகி, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் ஒரு தகவல் மையம். ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒரு தொடர்பு அலுவலகம், இந்தியாவில் அது கடலோரக் காவல்படை. இலங்கையும் உறுப்பினர். மையத்துக்கு ஒரு படகுகூடச் சொந்தம் இல்லை. 2022-இல் அதன் செயல் இயக்குநராக வந்தவர் நம் கடலோரக் காவல்படையின் முன்னாள் தலைமை இயக்குநர் கிருஷ்ணசாமி நடராஜன்.

இதன் ஓட்டையும் பெரியது. நீரிணையின் இரு கரையிலும் இருக்கிற மலேசியாவும் இந்தோனேசியாவும் உறுப்பினர்கள் இல்லை. அப்படியிருந்தும் நான் ரீகாப் பக்கம்தான் நிற்கிறேன். சென்னைக்காரனுக்கு அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அதன் பிறகு பல நாட்டுக் கப்பல்கள் அதைத் தேடின, பினாங்கு வரை போய் அடித்துவிட்டும் அது தப்பியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் இருந்த ஒரு தந்தி நிலையத்துப் பணியாளர்கள், அடையாளம் தெரியாத கப்பல் வருகிறது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். கேட்கும் தூரத்தில் இருந்த ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ போர்க்கப்பல் வந்து எம்டனின் கதையை முடித்தது.

நம் கடலில் இருப்பது

அப்படியானால் நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கொழும்புப் பாதுகாப்பு மாநாடு 2011-இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றுமாகத் தொடங்கியது. சில ஆண்டு தூங்கி 2020-இல் எழுந்தது. பிறகு மொரீஷியஸும் வங்கதேசமும் சேர்ந்தன. 2024 ஆகஸ்டில் சாசனமும் கையெழுத்தானது, செயலகம் கொழும்பில். ஆனால் அது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் பேசும் மேசை. பயங்கரவாதம், கடத்தல், சைபர், பேரிடர் என்று எல்லாமும் அதில் உண்டு. ஆட்சி மாறினால் அதன் மூச்சும் மாறுகிறது. குருகிராமில் 2018 முதல் இயங்கும் நம் கடற்படையின் தகவல் மையத்தில் பல நாட்டு அதிகாரிகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மிக நல்ல மையம் அது. ஆனால் வீடு இந்தியாவுடையது, மற்றவர்கள் விருந்தாளிகள்.

எனக்கு நம்பிக்கை தருவது இவற்றைவிடச் சின்ன ஒன்று. 2024 ஜூனில், 60 லட்சம் டாலர் இந்திய நிதியில், கொழும்பில் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் திறக்கப்பட்டது. சென்னையில் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் முன்பே இருக்கிறது. சேர்ந்து வேலை செய்ய முடியாதவர்கள் அல்ல இவர்கள். 2020 செப்டம்பரில் 2.70 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு ‘நியூ டைமண்ட்’ கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் எரிந்தபோதும், 2021-இல் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கொழும்புக்கு வெளியே எரிந்தபோதும், நம் கப்பல்களும் அவர்கள் கப்பல்களும் அருகருகே நின்று தண்ணீர் அடித்தன. நியூ டைமண்ட் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணூர்க்காரர்களைக் கேட்க வேண்டும். 2017 ஜனவரியில் அங்கே இரண்டு கப்பல் மோதிக் கசிந்த எண்ணெயை, பாறைகளுக்கு நடுவே நின்று பையன்கள் பக்கெட்டில் அள்ளியதைப் பார்த்தவன் நான். கையிலும் முகத்திலும் தார் மாதிரி அப்பியிருந்தது.

மீனவர் பிரச்சினையை இந்த மையங்கள் தீர்க்காது. முல்லைத்தீவில் பதில் சொன்ன அந்த ஆட்களின் வலைகளை நம் இழுவை மடிகள் கிழித்திருக்கின்றன. 2017-இல் இலங்கை இழுவை மடியைத் தடை செய்ததற்கு அதுவும் காரணம். அந்த வழக்கைப் பேச வேறு இடம் வேண்டும். உயிர் போகிற நேரத்து அழைப்பை அதோடு கலக்கக் கூடாது.

ஆகவே அடுத்த வாரம் அவளிடம் என் பதிலை மாற்றிச் சொன்னேன். ஐரோப்பா மாதிரி முகமை வேண்டாம். சென்னை மையத்தில் ஓர் இலங்கை அதிகாரி, கொழும்பு மையத்தில் தமிழ் பேசும் ஓர் இந்திய அதிகாரி. கடல் மீட்பும் எண்ணெய்க் கசிவும் மட்டும் அவர்கள் வேலை. இரு கரையிலும் படகுகளுக்கு ஒரே எண், எந்தப் பக்கம் அடித்தாலும் இரண்டு அறையிலும் கேட்க வேண்டும். செலவில் மாலத்தீவும் தன் சக்திக்கு ஏற்பப் பங்கு போட்டுச் சேரலாம்.

நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, “ராத்திரி ஷிப்ட்டுக்கு யார் சார்?” என்றாள்.

ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். வார விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், ஊருக்குப் போகிற நாள் எல்லாம் சேர்த்து ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர் வேண்டும். பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டு நாற்காலிக்குப் பத்துப் பேர்.