யோவிலா, ஹெரிஃபர்டா?

இங்கிலாந்தில் மேல் நான்கு டிவிஷன்களுக்கு வெளியே ஆடும் கால்பந்து கிளப்புகளை 'நான்-லீக்' என்பார்கள். அப்படிப்பட்ட சின்ன ஊர் அணிகள் பெரிய அணியைச் சாய்த்த கதை என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவை இரண்டு: யோவில், ஹெரிஃபர்டு. இதில் யார் பக்கம் நிற்பது என்பதுதான் கேள்வி.

யோவில் கையுறைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அணியின் பட்டப்பெயரே 'கிளவர்ஸ்', அதாவது கையுறை செய்பவர்கள். பெரிய, சின்ன கிளப்புகள் எல்லாம் மோதும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில், 1949-இல், சரிவான தன் ஹியூஷ் மைதானத்தில் சண்டர்லாந்தை 2-1 என வென்றது. முதல் கோலை அடித்தவர் அலெக் ஸ்டாக். அவரே ஆட்டக்காரர், அவரே மேலாளர்! அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-0 என்று தோற்றது வேறு விஷயம்.

ஹெரிஃபர்டின் நாள் 1972 பிப்ரவரி 5. அதே கோப்பை, எதிரணி நியூகாசில். மைதானம் முழுக்கச் சேறு. 82-வது நிமிடத்தில் நியூகாசில் முந்தியது, ஆட்டம் முடிந்தது என்றே தோன்றியது. அப்புறம் ரானி ராட்ஃபோர்ட் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. பார்க்கா கோட்டு போட்ட பையன்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் வெற்றி கோலை அடித்தார்.

ஹெரிஃபர்டுக்கு அதே ஆண்டு லீகில், அதாவது அந்த மேல் நான்கு டிவிஷன்களில், இடம் கிடைத்தது. யோவில் 2003 வரை காத்திருந்தது. ஹியூஷ் இருந்த இடத்தில் இன்று சூப்பர் மார்க்கெட்.

என் மனம் ஹெரிஃபர்டு பக்கம்தான். 2014-இல் கடனில் மூழ்கி கிளப் கலைக்கப்பட்டது. ஆதரவாளர்கள் புதிய கிளப் தொடங்கி, பழைய கிளப்பின் அதே எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் ஆடி, முதல் சீசனிலேயே சின்ன கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் இறுதிப்போட்டிக்காக லண்டனின் வெம்பிளி மைதானத்துக்குப் போனார்கள்.