தண்டர்பேர்டா, அவுட்லுக்கா? கரண்ட் நிலையில்லாத கரையோர அலுவலகத்துக்கு எது தாங்கும்

மண்டபத்திலோ தொண்டியிலோ கடல் உணவு ஏற்றுமதி செய்கிற ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு. அது போனால் யாருடைய செல்போன் ஹாட்ஸ்பாட்டோ. நண்டுச் சதைக்கும் கணவாய்க்கும் விலை பேசியது, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்று, ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கென்றால் எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) தரும் பிடிப்புச் சான்று என்று எல்லாமே மெயிலில்தான் வந்து போகின்றன. கணக்குத் தணிக்கையில் நான்கு வருடத்துக்கு முந்தைய கன்டெய்னரைப் பற்றிக் கேட்டால், அந்த மெயிலை அரை மணி நேரத்துக்குள் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கீழக்கரையில் வளைகுடாவோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கும் ராமேஸ்வரம் லாட்ஜ்களுக்கும் இதே தேவை உண்டு. காகிதங்களின் பெயர்தான் மாறும்.

இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது, அவுட்லுக்கைப் போலவே மெயிலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கிற தண்டர்பேர்ட் என்ற நிரல். அதில் எரிச்சலூட்டும் விஷயங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். தண்டர்பேர்ட் இலவசம். பயனர்கள் தருகிற நன்கொடையில் ஓடுகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். அவுட்லுக் ஆஃபீஸ் தொகுப்போடு வருகிறது, பழகியவர்கள் அதிகம். ஒரே ஆள், ஒரே ஜிமெயில் என்றால் இரண்டுமே வேண்டாம், பிரவுசர் போதும்.

அவுட்லுக் என்று சொன்னாலும் இன்று விண்டோஸில் அந்தப் பெயரில் இரண்டு நிரல்கள் உள்ளன. பழைய 'கிளாசிக்' அவுட்லுக் ஒன்று. இதற்கு 2029 வரையாவது ஆதரவு இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இன்னொன்று விண்டோஸோடு இலவசமாக வருகிற 'புதிய அவுட்லுக்'. முன்பிருந்த விண்டோஸ் மெயிலுக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-ல் முடிந்தபோது அதன் இடத்துக்கு இது வந்தது. புதியது உள்ளுக்குள் ஒரு இணையப் பக்கம்தான். ஜிமெயில் கணக்கையோ சொந்த டொமைனின் ஐமேப் கணக்கையோ (மெயில் சர்வரிலேயே இருக்க, அதன் பிரதி கம்ப்யூட்டருக்கு வருகிற முறை) அதில் சேர்த்தால், மெயில்கள் மைக்ரோசாஃப்டின் சர்வர் வழியாக ஒத்திசைந்து, அங்கேயும் ஒரு பிரதி தங்கும். விலை பேசிய கடிதங்களுக்கு இப்படி மூன்றாவது வீடு தேவையில்லை. இணைப்பு இல்லாத நேரத்தில் பழைய மெயில் கையில் கிடைப்பதிலும் அது கிளாசிக்குக்குப் பக்கத்தில் வராது. இலவசமாகப் பயன்படுத்தினால் விளம்பரமும் வரும். அதனால் புதிய அவுட்லுக்கை இங்கேயே விட்டுவிடுகிறேன். உண்மையான போட்டி கிளாசிக் அவுட்லுக்குக்கும் தண்டர்பேர்டுக்கும்தான்.

அந்தப் போட்டியை முடிவு செய்வது, மெயில் ஹார்ட் டிஸ்க்கில் எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பது.

கிளாசிக் அவுட்லுக் ஒரு கணக்கின் எல்லா ஃபோல்டர்களையும் ஒரே கோப்பில் வைக்கிறது. பாப் கணக்கென்றால் (மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்கிற முறை) பிஎஸ்டி, ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) என்றால் ஓஎஸ்டி. 2010 பதிப்பிலிருந்து இதன் இயல்பான உச்சவரம்பு 50 ஜிபி, அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகளில் 20 ஜிபி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அடிபடுவது அந்த ஒரே கோப்பு. அதைச் சரிசெய்ய ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியை அவுட்லுக்கோடு சேர்த்தே தருகிறார்கள். பெரிய கோப்பென்றால் மணிக்கணக்கில் ஓடும், சில மெயில்களை மீட்காமல் விட்டுவிடுவதும் உண்டு. காப்புப் பிரதி எடுப்பது அதைவிடச் சங்கடம். இன்று ஒரு மெயில் வந்தாலும் 20 ஜிபி கோப்பு 'மாறிய கோப்பு' ஆகிவிடும். சாதாரணமாகக் கோப்புகளை நகலெடுக்கிற முறையில் அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும். நகலெடுக்க அவுட்லுக்கை மூடியும் வைக்க வேண்டும். வேலை நாளில் இதை யாரும் செய்வதில்லை, காப்புப் பிரதி மாதக்கணக்கில் பழையதாகக் கிடக்கும்.

தண்டர்பேர்ட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு கோப்பு வைக்கிறது. எம்பாக்ஸ் என்கிற பழைய, எளிய வடிவம். நோட்பேடில் திறந்தாலே எழுத்து தெரியும். பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்று முடிகிற ஒரு சின்ன அட்டவணைக் கோப்பு இருக்கும். 2021 மெயில்களைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டால் அந்தக் கோப்பு அதற்குப் பிறகு மாறுவதே இல்லை. ஒருமுறை நகலெடுத்தால் போதும். தினமும் மாறுவது இன்பாக்ஸும் சென்ட்டும்தான். அவை சிறியதாக இருந்தால் காப்புப் பிரதி சில நிமிட வேலை. இன்பாக்ஸ் அடிபட்டாலும் 2021 பிழைத்துக்கொள்ளும்.

அலுவலகம் மாதச் சந்தாவைக் கட்டாமல் விட்டால், அவுட்லுக் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பு பார்ப்பதற்கு மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். பிஎஸ்டியைச் சுலபமாகத் திறக்க அவுட்லுக்கே வேண்டும். எம்பாக்ஸை வாசிக்க எத்தனையோ நிரல்கள் இருக்கின்றன. பத்து வருடக் கடிதத்தை வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இனி தண்டர்பேர்டின் மிகப் பெரிய தொல்லை. அதுவும் இதே எம்பாக்ஸிலிருந்துதான் வருகிறது. ஒரு மெயிலை அழித்தாலும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் அது கோப்பிலிருந்து போவதில்லை. கணக்கு நோட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிப்பது போல, அடித்த குறி மட்டும் விழும், பக்கம் அப்படியே இருக்கும். திரையில் இருநூறு மெயில் காட்டுகிற இன்பாக்ஸ், டிஸ்க்கில் 9 ஜிபி பிடித்துக் கிடப்பது இதனால்தான். அடித்த வரிகளை நீக்க 'காம்பாக்ட்' செய்ய வேண்டும். அப்போது உயிருள்ள மெயில்களை மட்டும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, கடைசியில் பழைய கோப்பின் இடத்தில் அதை வைக்கும். ஆகவே அந்த ஃபோல்டர் அளவுக்கு டிஸ்க்கில் காலி இடம் தேவை. இடையில் கரண்ட் போனாலோ, ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ, இடமாற்றம் நடக்காமல் 'என்எஸ்டிஎம்பி' என்ற பெயரில் தற்காலிகக் கோப்பு தங்கிவிடும். திரும்பத் திரும்ப முயன்று, அப்படிப்பட்ட கோப்புகளாலேயே டிஸ்க் நிறைந்து போன புகார்கள் ஏராளம்.

அதனால் இந்த ஒழுங்கு. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் டிஸ்க் ஸ்பேஸ்' பகுதியில் தானாகக் காம்பாக்ட் ஆவதை அணைத்துவிடுங்கள். ஆன்டிவைரஸில் ப்ரொஃபைல் ஃபோல்டரை, அதாவது தண்டர்பேர்ட் தன் மெயிலையும் அமைப்புகளையும் வைக்கிற இடத்தை, விலக்குப் பட்டியலில் சேருங்கள். அது ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், ப்ரொஃபைல்ஸ் என்ற வரிசையில் உள்ளே இருக்கும். பிறகு யுபிஎஸ் இருக்கும்போது, ஒவ்வொரு ஃபோல்டராக ரைட் கிளிக் செய்து காம்பாக்ட் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். என்எஸ்டிஎம்பி கோப்புகள் தங்கியிருந்தால், நிரலை முழுவதும் மூடிவிட்டு, அவற்றையும் அவற்றின் எம்எஸ்எஃப் கோப்புகளையும் அழித்துவிடலாம். மூல ஃபோல்டர் கோப்பைத் தொடக் கூடாது.

இன்வெர்ட்டர் இருப்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் சாதாரண நிலைக்கும் யுபிஎஸ் நிலைக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. சாதாரண நிலையில் கரண்ட் மாறுகிற அந்த இடைவெளியே டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகப் போதும்.

ஒரு மெயிலைச் சொடுக்கினால் வேறொன்று திறக்கிறது, அல்லது வெறுமையாக வருகிறது என்றால் கெட்டது அட்டவணைதான். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆனால் ஐமேப் ஃபோல்டரில் இதைச் செய்தால் மெயில்களைச் சர்வரிலிருந்து மறுபடி இறக்கும். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது 8 ஜிபி இன்பாக்ஸை ரிப்பேர் செய்தால் அன்றைய டேட்டா அதோடு போச்சு.

இதற்கெல்லாம் நல்ல மருந்து, இன்பாக்ஸைச் சின்னதாக வைப்பது. கணக்கு அமைப்பில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் ஆர்க்கைவ் இடத்தை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று மாற்றி, வருட வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு மெயில்களைத் தேர்ந்து 'ஏ' விசையை அழுத்தினால் அந்தந்த வருட ஃபோல்டருக்குப் போய்விடும். நம் கரையில் இதற்கென்றே ஒரு காலம் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஏற்றுமதிக் கடிதங்களும் குறையும். ஆர்க்கைவ், காம்பாக்ட், முழுக் காப்புப் பிரதி மூன்றையும் அப்போது முடித்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது பயமில்லை.

லோக்கல் ஃபோல்டருக்குப் போன மெயில் சர்வரை விட்டு வெளியேறுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஜிமெயிலில் மட்டும், அமைப்பை மாற்றாதவரை, 'ஆல் மெயில்' பகுதியில் ஒரு பிரதி தங்கும். அந்த ஆல் மெயிலே இன்னொரு தொல்லை. தண்டர்பேர்ட் அதையும் ஒரு ஃபோல்டராக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெயிலையும் இரண்டு முறை இறக்கும். ஜிமெயிலின் லேபிள் அமைப்பில் ஆல் மெயிலுக்கு 'ஷோ இன் ஐமேப்' குறியை எடுத்துவிட்டால் தீரும்.

காப்புப் பிரதிக்கு இரண்டு வெளி டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்றே இருந்தால், கெட்ட கோப்பு நல்ல பிரதியின் மேல் விழுந்துவிடும். எஃப்ஏடி32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்தால் நாள் வரும். ஒரு டிஸ்க் அலுவலகத்தில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும்.

தண்டர்பேர்டில் மாற வேண்டியவை என்று கேட்டால், முதலாவது இந்தச் சேமிப்பு முறை. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு வைக்கிற 'மெயில்டிர்' வடிவம் அதில் இருக்கவே செய்கிறது. புதிதாகச் சேர்க்கிற கணக்குக்கு மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நம்பி அலுவலகத்தில் போடும் அளவுக்கு அதை முதிரச் செய்து, இருக்கிற கணக்கை மாற்றவும் வழி தந்தால் காம்பாக்ட் என்ற சொல்லே தேவைப்படாது. அதுவரை, காம்பாக்ட் தொடங்குமுன் எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டாவது தொடங்க வேண்டும். ப்ரொஃபைலை ஏற்றுமதி செய்கிற வசதி 2 ஜிபியில் நின்றுவிடுகிறது. உண்மையில் தேவைப்படுகிற எவருக்கும் அது போதாது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதை உணர்ந்து, மெயிலோடு வரும் பெரிய கோப்புகளை இறக்காமல் நிறுத்தி வைக்கும் வசதி வேண்டும். இப்போது கணக்கின் 'சிங்க்ரனைசேஷன்' பகுதியில் அளவு வரம்பைக் கையால்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அனுப்பிய மெயிலைச் சில நொடிக்குள் திரும்ப இழுக்கும் வசதிக்கு இன்னும் ஆட்-ஆன் (தனியாகச் சேர்க்கிற துணை நிரல்) தேட வேண்டியிருக்கிறது. பெரிய பதிப்பு மாற்றம் வரும்போதெல்லாம் அந்த ஆட்-ஆன்களில் சில படுத்துக்கொள்ளும். 2025 மார்ச்சிலிருந்து மாதம் ஒரு பதிப்பு வருவதுதான் இயல்பான தரவிறக்கம். அலுவலகத்துக்கு இஎஸ்ஆர் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தேடி எடுத்துப் போடுங்கள்.

எழுதும் பெட்டியும் பழையது. எக்செல்லில் இருக்கும் விலைப் பட்டியலை ஒட்டினால் கோடுகளும் அகலமும் கலைந்துபோகும். அவுட்லுக்கில் அப்படியே உட்காரும். இதில் அவுட்லுக் தெளிவாக ஜெயிக்கிறது. விலைப் பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கி இணைப்பதுதான் மாற்று. தமிழ் எழுத்து சிறியதாகத் தெரிந்தால் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் தமிழைத் தேர்ந்து, நிர்மலா யுஐ எழுத்துருவையும் அளவையும் வையுங்கள். அவுட்லுக்கிலிருந்து வருகிற சில மெயில்களில் இணைப்புக்குப் பதில் 'வின்மெயில்.டாட்' (winmail.dat) என்று ஒரு கோப்பு வரும். அனுப்புகிறவர் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் அனுப்பியதன் விளைவு அது. எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தவறான முகவரி தானாக வந்து நிற்கிறதென்றால் முகவரிப் புத்தகத்தில் 'கலெக்டட் அட்ரஸஸ்' உள்ளே போய் அழித்தால் போகும்.

நிறைய பேர் காலண்டரைப் பகிர்ந்து, கூட்ட அழைப்பு அனுப்பி வேலை செய்கிற, எக்ஸ்சேஞ்ச் சர்வர் உள்ள நிறுவனத்துக்கு அவுட்லுக்கே சரி. தண்டர்பேர்ட் எக்ஸ்சேஞ்ச் மெயிலைத் தானே கையாளத் தொடங்கியது 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பில்தான். அதை நம்பி ஒரு பெரிய அலுவலகத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். இங்கே சொன்ன கணக்கு பத்துப் பேருக்குள் இருக்கிற இடத்துக்கானது.

மாறுவதென்றால், அவுட்லுக்கை நீக்குவதற்கு முன் மாறுங்கள். தண்டர்பேர்டின் இறக்குமதி வசதிக்கு அதே கம்ப்யூட்டரில் அவுட்லுக் இருக்க வேண்டும். மெயில் முழுவதும் ஐமேப் சர்வரிலேயே இருந்தால் கணக்கைச் சேர்த்தாலே போதும், தானே இறங்கும். ஜிமெயிலில் வெறும் கடவுச்சொல் இனி செல்லாது. தண்டர்பேர்ட் திறக்கிற கூகுள் உள்நுழைவுச் சாளரத்திலேயே அனுமதி கொடுங்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான ஜிமெயில்) கணக்கென்றால் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2500 எம்பி வரைதான் இறக்க விடும். 20 ஜிபி பெட்டிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் கணக்கு தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒத்திசைவை முதலில் கடைசி 30 நாள் என்று வைத்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போங்கள்.