புத்தகம் இல்லாத கார்: உரிமையாளரைத் தேடுவதா, வேறு கார் பார்ப்பதா?

கிளிநொச்சிப் பக்கம் பழைய கார் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. 2009 இடப்பெயர்வில் காரின் உரிமையாளர் யாரென்று காட்டும் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் வன்னியில் ஏராளம்.

விலை: புத்தகம் இல்லாதது மலிவு. உள்ளது கூடுதல், ஆனால் புத்தகத்துக்கென்று வேறு செலவு இல்லை.

அலைச்சல்: இங்கேதான் ஆள் களைத்துப்போவார். தொலைந்ததாகப் பொலிஸில் முறையிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதி கேட்க வேண்டியவர் பதிவு உரிமையாளர், வாங்குகிறவர் அல்ல. அவர் கனடாவில் இருந்தால்? இறந்திருந்தால் வாரிசுச் சிக்கலும் சேரும். புத்தகம் உள்ள காருக்கு, கைமாறி 14 நாள்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் சரி.

நம்பகம்: எதுவானாலும் பொனற்றைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்து, சேசிஸ் இலக்கத்தை (காரின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்) படியுங்கள். நான் பார்த்த ஒன்றில் கடைசி இரண்டு எண்கள் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன. விலை பேசாமலே திரும்பிவிட்டேன்.

உரிமையாளர் பக்கத்து ஊரில் இருந்து, கூட வரவும் சம்மதித்தால் மலிவானதை வாங்கலாம். லீசிங் எடுப்பவருக்கும் விரைவில் விற்க எண்ணுபவருக்கும் புத்தகம் உள்ளதுதான். நிரப்பாத உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் மட்டும் தருகிறேன் என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.